தோளுக்குப் பழகிய துணி

ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழமொழி. ஆடை ஆளுக்குச் சிறப்பைத் தருகிறது என்ற பொருளிலேயே இப்பழமொழி பெரிதும் வழங்குகிறது. ஆயின், அதைச் சற்றே திருப்பிப் பார்த்தால் மற்றோர் உண்மை புலனாகும். ஆடை ஆளை ஆக்குவது போல, ஆளும் ஆடையை ஆக்குகிறான். கடையிலிருந்து வாங்கி வந்த அன்று ஒரு துணி யாவருக்கும் பொதுவானது. அதே துணியை ஓராண்டு, ஈராண்டு நாள்தோறும் உடுத்தி உழைத்தபின் அது ஒருவருக்கே உரியதாகிவிடுகிறது. முழங்கால் மடியும் இடத்தில் ஒரு மடிப்பு. சுமை அழுத்திய இடத்தில் ஒரு வழவழப்பு. கையை அடிக்கடி துடைத்த இடத்தில் ஒரு வெளிறல். அதனைக் கொடியில் போட்டிருந்தால், இது இன்னாருடையது என்று வீட்டிலுள்ள சிறு குழந்தையும் சொல்லிவிடும்.

எல்லாத் துணிக்கும் இவ்வியல்பு கிடையாது. பட்டு உழைப்பைத் தாங்காது. மெல்லிய மல் தேய்வதற்கு முன்னரே கிழிந்துபோகும். முரடாகப் பிறந்து, உடுத்துவோரின் உழைப்பினால் இளகி, அவருடைய உடலின் வடிவைத் தானும் ஏற்றுக்கொள்ளும் துணிகள் உலகில் சிலவே. அவற்றுள் இரண்டினை இங்கு எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியாவிலும் ஹற்றனிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளுக்கு மழையிலும் குளிரிலும் துணைநின்ற கறுப்புக் கம்பளி. மற்றொன்று, அதே தோட்டத்து இளைஞர் இன்று விரும்பி அணியும் நீல நிறத்து ஜீன்ஸ்.

கம்பளியையும் ஜீன்சையும் ஒரே மூச்சில் சொல்லுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். எனினும் இவ்விரண்டும் ஏற்கெனவே ஒரே புத்தகத்தில் இடம்பெற்றவைதாம். ஆங்கிலேயர் இந்தியாவில் வழங்கிய சொற்களைத் திரட்டி ஹென்றி யூல் என்பாரும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னெல் என்பாரும் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதியை ஆக்கினர். அது 1886ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வகராதியில் கம்பளி என்னும் சொல் உண்டு; ‘டங்கரி’ என்னும் சொல்லும் உண்டு. டங்கரி என்பது பம்பாயை அடுத்த டோங்ரி என்னும் இடத்தின் பெயரால் வழங்கிய முரட்டுப் பருத்தித் துணி. கப்பல் மாலுமிகளும் கூலியாட்களும் அதனை அணிந்தனர். இன்றைய ஜீன்ஸ் துணிக்கு அதனை ஒரு மூத்த உறவு எனலாம். ஆக, கம்பளியும் நீலக் காற்சட்டையும் உழைப்பாளிகளின் உடையாகவே உலகுக்கு அறிமுகமாயின. பின்னர் அவற்றின் ஊழ் வெவ்வேறு திசையிற் சென்றது. ஒன்று உலகமெங்கும் நாகரிகமாயிற்று. மற்றொன்று லயத்தின் மூலையில் மடிந்து கிடக்கிறது.

முதலிற் கம்பளியின் கதையைக் காண்போம்.

தென்னிந்தியாவின் ஆடு மேய்க்கும் மக்களான குறும்பர் முதலியோர், தம் ஆட்டின் மயிரைத் தாமே கத்தரித்து, நூற்று, தறியில் நெய்தது கம்பளி. தக்கணத்துச் செம்மறியாட்டின் மயிர் இயற்கையிலேயே கறுப்பாயிருப்பதனால் அதற்குச் சாயம் வேண்டுவதில்லை. அம்மயிர் முரடானது. அதனைத் தறியில் ஏற்றுவதற்கு முன், புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய கஞ்சியை இழைகளுக்கு ஊட்டுவர். கஞ்சி ஏறிய இழை அறுபடாது. நெய்தபின் துணி பலகைபோல் விறைத்து நிற்கும். புதுக் கம்பளியை முதன்முதல் போர்த்துபவருக்கு அது உடலெங்கும் குத்தும், கழுத்தை அராவும், மடித்தால் மடியாது. அதற்கென ஒரு மணமும் உண்டு. அதனை விரும்பி வாங்குவார் எவரும் இல்லை. தேவைதான் அதனை வாங்கச் செய்தது.

அத்தேவை யாது? திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய வறண்ட நிலங்களிலிருந்து வந்தவர்களே மலைநாட்டின் காடுகளை வெட்டி, முதலிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் பயிரிட்டனர். திருச்சிராப்பள்ளிப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 1,000 மில்லிமீற்றருக்கும் குறைவு. அங்கிருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறியவர் வந்து சேர்ந்த இடம் எத்தகையது? ஹற்றனுக்குக் கீழே வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரளவு மழை கொட்டும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் புரட்டாதி வரையும் வானம் வெளுப்பது அரிது. நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது; தை மாசி மாதங்களில் சில விடியல்களில் அங்கு புல்லின்மேல் உறைபனி வெண்மணல்போற் படிந்திருக்கும். ஒற்றை வேட்டியும் பருத்திச் சேலையுமாக வந்த மக்களுக்கு இக்காலநிலையில் உயிரைக் காத்த பொருள் கம்பளி ஒன்றே.

ஆட்டுமயிரின் இயல்பு அதற்கு உதவிற்று. அதன் இழையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் மீனின் செதில் போன்ற அடுக்குகள் தெரியும். மேற்புறத்தில் ஒருவகை நெய்ப்பசை உண்டு. ஆதலின் மழைத்துளி விழுந்தவுடன் ஊறாது உருண்டோடும். இழையின் உட்புறமோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை ஏற்றபின்னும் கம்பளி தொடுவதற்கு நனைந்ததாய்த் தோன்றாது. ஈரத்தை ஏற்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். பருத்தித் துணி நனைந்தால் உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தும் சூட்டைக் காக்கும். குளிர்மழையில் நாள் முழுதும் நிற்கவேண்டியவருக்கு இதனினும் மேலான துணியை அக்காலத்தில் எவரும் தந்திருக்க இயலாது.

இனி, அது பழகிய விதத்தைப் பார்ப்போம். விடியற்காலையில் தப்பொலி கேட்டு எழுந்து, தொழிலாளர் பிரட்டுக்களத்துக்குச் செல்லுவர். கொழுந்து கொய்யும் பெண்கள் கம்பளியை ஒரு முனையில் மடித்துத் தலையில் முக்காடுபோல் இட்டுக்கொள்ளுவர். எஞ்சிய பகுதி முதுகை மூடிக் கீழே தொங்கும். அதன்மேல் கொழுந்துக்கூடை. கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே, கம்பளியின் மடிப்பின்மீது படியும். இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருப்பர். தேயிலைச் செடியின் நனைந்த கிளைகள் சேலையைக் கிழிக்காமலும் நனைக்காமலும் அது தடுக்கும். கவ்வாத்து வெட்டும் ஆண்களும் கான் வெட்டும் ஆண்களும் கம்பளியைத் தோளிற் போட்டுக்கொள்ளுவர். இரவில் அதே கம்பளி போர்வையாகும். பிள்ளைக் காம்பராவுக்கு எடுத்துச் செல்லும் கைக்குழந்தைக்கு அதுவே சுற்றுத்துணியாகும்.

இவ்வாறு மழையில் நனைந்தும், அடுப்புப் புகையிற் காய்ந்தும், சுமையில் அழுந்தியும் வர, இழையிலிருந்த கஞ்சி மெல்ல மெல்லக் கரைந்துபோகும். செதிலுடைய இழைகள் ஈரத்தாலும் உராய்வாலும் ஒன்றையொன்று பற்றிப் பின்னிக்கொள்ளும். நெசவின் கண்கள் அடைபடும். முதலில் பலகையாயிருந்த துணி தோலைப்போற் குழையும். கயிறு படியும் இடத்தில் அது தடித்து மெத்தைபோலாகும். கூடை உராயும் முதுகுப்புறத்தில் மயிர் உதிர்ந்து வழவழப்பாகும். பழகிய கம்பளியை எடுத்துத் தலையிற் போட்டால் மடிப்புகள் தாமே தம் இடத்தில் வந்து விழும். ஒருவரது கம்பளியை மற்றொருவர் மாற்றிப் போட்டால், செருப்பு மாறிப் போட்டது போலவே இருக்கும். துணி இவ்வளவு பழகுவதற்கு ஒரு மழைக்காலம் போதாது. ஓரிரு ஆண்டுகள் வேண்டும்.

ஈண்டு ஒன்றை மறக்கலாகாது. இக்கம்பளி இனாமாகக் கிடைத்ததன்று. ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவும், தோட்டத்துக்கு வந்தபின் அரிசியும் கம்பளியும் முற்பணமாகக் கணக்கில் ஏறின. சம்பளத்திலிருந்து அவை பிடிக்கப்பட்டன. ‘துண்டு’ என்ற சீட்டில் கங்காணியின் ஆட்களுடைய கடன் முழுவதும் எழுதப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. அக்கடனைச் செலுத்தியவரே அந்த ஆட்களைத் தம் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அம்முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்ச வேதனத்துக்கான சட்டம் 1927ஆம் ஆண்டு வந்தது. பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த நாட்சம்பளம் கிடைப்பதற்கு 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, ஒரு கம்பளி தோளுக்குப் பழகி முடியும்போது, அதன் விலை இருமுறை கொடுக்கப்பட்டிருந்தது: ஒருமுறை சம்பளத்தில், மற்றொருமுறை உடம்பில்.

உடம்பில் என்று சொல்லுவது வெறும் சொல்லணி அன்று. துணி உடலுக்குப் பழகியதைப் போலவே உடலும் தொழிலுக்குப் பழக வேண்டியிருந்தது. நெடுங்காலம் கூடை சுமந்த மூதாட்டியரின் உச்சந்தலையிற் கயிறு பதிந்த தடத்தைக் காணலாம். விரல் நுனிகளில் தேயிலைக் கறை ஏறி, வெடிப்புகளிற் கறுத்துத் தங்கிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் அது போவதில்லை. கம்பளியிலுள்ள தடத்தை அழகென்று சொல்லலாம். தலையிலுள்ள தடத்தை அவ்வாறு சொல்ல நா எழாது.

நிற்க. இனி ஜீன்ஸ் பக்கம் திரும்புவோம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்னும் ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். கூலிவேலை செய்வோரின் காற்சட்டைகளில் பைகளே முதலிற் கிழிவதைக் கண்டு, பையின் மூலைகளிற் செப்பாணி அடித்துத் தைத்துக் கொடுத்தார். சான் பிரான்சிஸ்கோ நகரில் துணி வணிகம் செய்த லீவை ஸ்ட்ராஸ் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து 1873ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். சுரங்கத்திலும் புகைவண்டிப் பாதையிலும் மாட்டுப் பண்ணையிலும் உழைத்தோரின் உடையாக அது பரவிற்று. ‘டெனிம்’ என்னும் துணிப்பெயர் பிரெஞ்சு நாட்டு நீம் நகரின் பெயரிலிருந்தும், ‘ஜீன்ஸ்’ என்பது இத்தாலியின் ஜெனோவா நகரின் பெயரிலிருந்தும் வந்தவை என்பர். அதன் நிறமாகிய நீலமோ நம்மவர் நன்கறிந்த அவுரிச்செடியின் நிறம். தென்னார்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களிலிருந்து சென்னைத் துறைமுகத்தின் வழியாக அந்நீலம் ஒருகாலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 1897ஆம் ஆண்டு சேர்மனியிற் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அவுரி வயல்கள் சுருங்கின.

இத்துணி உடுத்த உடுத்த வெளிறுவதற்குக் காரணம் அதன் சாயமே. நீலம் நீரிற் கரையாதது. ஆகையால் அதனைத் தொட்டியில் ஒருவகை இரசாயன மாற்றத்துக்கு உட்படுத்திக் கரையச் செய்வர். அந்நிலையில் அது மஞ்சள் கலந்த பச்சையாயிருக்கும். நூலை அதில் தோய்த்து வெளியே எடுத்தால், காற்றுப் பட்டவுடன் நூல் நீலமாகும். இவ்வாறு பலமுறை தோய்த்தும் நீலம் நூலின் மேற்புறத்தைச் சுற்றியே படிகிறது. உள்நடு வெள்ளையாகவே நிற்கிறது. நெசவிலும் பாவு நூல் மட்டுமே நீலம். ஊடு நூல் வெள்ளை. பாவு மூன்று ஊடுகளின் மேலேறி ஒன்றின் கீழிறங்குவதால் துணியின் முகப்பு நீலமாகவும் உட்புறம் வெளிறியும் காணும். உடுத்துபவர் நடக்கும்போதும் குந்தும்போதும் எங்கெங்கே துணி உராய்கிறதோ, அங்கெல்லாம் மேலிருக்கும் நீலம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தோன்றும். ஆக, அந்த வெளிறல் அழுக்குமன்று, பழுதுமன்று. அவர் எவ்வாறு நடந்தார், எங்கே கையிட்டார், எந்த முழங்காலை ஊன்றி வேலை செய்தார் என்பதற்கான குறிப்பேடு.

இக்குறிப்பேட்டைத் தம் கையாலேயே எழுதவேண்டும் என்று கருதுவோர் இன்று உலகிற் பலர் உள்ளனர். யப்பானில் ஓக்கயாமா மாநிலத்துக் கொஜிமா நகரம் இத்தகைய துணிக்குப் பெயர்போனது. பழைய நாடாத் தறிகளில் நெய்து, ஒருமுறையும் வெளுக்காது, கஞ்சியோடு விறைத்த நிலையிலேயே அங்கு காற்சட்டைகளைத் தைத்து விற்கின்றனர். அவற்றை வாங்குவோர் ஆறு மாதம், ஓராண்டு என நாள்தோறும் அதனையே அணிகின்றனர். மடிப்புகள் கலையாதிருக்கத் துவைப்பதையும் தள்ளிப்போடுகின்றனர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வளர்ந்த நமக்கு இது சிரிப்பை விளைக்கலாம். எனினும் அவர்களுடைய எண்ணத்தில் ஒரு நேர்மை உண்டு. தாம் உழைக்காத உழைப்பின் அடையாளத்தைத் தாம் அணிய அவர்கள் விரும்பவில்லை.

ஏனெனில், பெரும்பான்மையான ஜீன்சின் கதை வேறு. வாங்கும்போதே வெளிறியும், முழங்காலிற் கிழிந்தும், தொடையில் மடிப்புக் கோடு விழுந்தும் இருக்கும் காற்சட்டைகளையே இன்று கடைகளிற் காண்கிறோம். ஓராண்டு நடந்து பெறவேண்டிய தேய்வை ஒரு மணி நேரத்திற் பெறுவது எப்படி? எரிமலையிற் கிடைக்கும் நுரைக்கல்லோடு சேர்த்து இயந்திரத்திற் போட்டு உருட்டுகின்றனர். நொதியங்களைக் கொண்டு இழையை அரிக்கச் செய்கின்றனர். பொட்டாசியம் பரமங்கனேற்றைத் தெளித்து வெளிறச் செய்கின்றனர். அண்மைக் காலத்தில் இலேசர் ஒளிக்கற்றையாலும் நீலத்தை எரித்துவிடுகின்றனர். இவை எல்லாவற்றிலும் கொடியது, காற்றின் விசையால் மணலை வீசித் துணியைத் தேய்க்கும் முறை. துருக்கி நாட்டில் அடைத்த சிறு பட்டறைகளில் இவ்வேலையைச் செய்த இளைஞர் மூச்சுத்திணறி மருத்துவரிடம் வந்தனர். அவர்களது நுரையீரலில் மணலின் நுண்டூள் படிந்திருந்தது. சுரங்கத் தொழிலாளரிடம் பல்லாண்டுகளுக்குப் பின் காணப்படும் சிலிக்கோசிஸ் என்னும் நோய், காற்சட்டை தேய்த்த இளைஞரைச் சில ஆண்டுகளிலேயே பற்றியிருப்பதை 2005ஆம் ஆண்டளவில் துருக்கி மருத்துவர்கள் வெளியிட்டனர். அந்நோய்க்குத் தீர்வான மருந்து கிடையாது. 2009ஆம் ஆண்டு துருக்கி அரசு அம்முறையைத் தடைசெய்தது.

இதிலிருந்து தெளிவாவது யாது? தேய்வு என்பது வானத்திலிருந்து விழுவதன்று. ஒரு துணி இளகவேண்டுமானால் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கவேண்டும். உடுத்துபவர் தம் காலத்தையும் பொறுமையையும் கொடுக்கலாம். அவர் கொடுக்க மறுத்தால், முகமறியாத மற்றொருவர் தம் மூச்சைக் கொடுக்கவேண்டி நேரும். இல்லையேல் ஓர் ஆறு தன் நீரைக் கொடுக்கவேண்டி நேரும். கணக்கு ஒருபோதும் தீராதிருப்பதில்லை. யார் தலையில் எழுதப்படுகிறது என்பதே கேள்வி.

மலைநாட்டு மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. கட்டுநாயக்காவில் 1978ஆம் ஆண்டு சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992ஆம் ஆண்டு நாட்டின் பல பாகங்களிலும் 200 ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவும் திட்டம் வந்தது. தேயிலையைக் காட்டிலும் ஆடை ஏற்றுமதியே இன்று இலங்கைக்கு மிகுந்த அந்நியச் செலாவணியை ஈட்டித் தருகிறது. அத்தொழிற்சாலைகளிற் பணிபுரியும் பெண்களுள் தோட்டத்து லயங்களிலிருந்து சென்றவர்களும் உள்ளனர். பாட்டி கொழுந்து கொய்தாள்; பேத்தி பொத்தான் வைக்கிறாள். பாட்டி பறித்த தேயிலையை இலண்டனிற் குடித்தவருக்கு அவளது கம்பளியைத் தெரியாது. பேத்தி தைத்த காற்சட்டையை நியூயோர்க்கில் அணிபவருக்கு அவள் தங்கியிருக்கும் சிற்றறையைத் தெரியாது. இடையிலுள்ள பொருள் மாறியிருக்கிறது, அறியாமை மாறவில்லை.

இப்பொழுது கம்பளியும் மெல்ல மறைந்து வருகிறது. மலையில் நிற்போர் தோளிற் பிளாத்திக்குத் தாளும் மழைச்சட்டையும் காணப்படுகின்றன. அவை எடை குறைந்தவை, விலை மலிந்தவை, நனைந்தாலும் கனப்பதில்லை. நனைந்த கம்பளியின் சுமையைக் கூடையின் சுமையோடு சேர்த்துத் தாங்கியவருக்கு இது பெரும் ஆறுதலே. ஆதலின் கம்பளி போயிற்றே என்று வருந்துவது பொருளற்றது. வருந்தவேண்டியது வேறொன்றுக்கு. பிளாத்திக்கு ஒருவரது உடலுக்கும் பழகுவதில்லை. ஒரு பருவத்திற் கிழிந்து வேலியிலும் கானிலும் கிடக்கிறது. அதனைப் போட்டவர் யார், எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதற்கு அதில் ஒரு தடமும் எஞ்சுவதில்லை.

மலைநாட்டு இளைஞர் ஒருவர் புதிதாகச் சம்பளம் பெற்று ஜீன்ஸ் ஒன்று வாங்க எண்ணினால், அவருக்குச் சொல்லத்தக்கவை சில உண்டு. வெளிறாத, கிழியாத, கருநீலத் துணியையே பார்த்து வாங்கலாம். அது முதலில் விறைப்பாயிருக்கும், பழகிவிடும். சுருங்காதபடி ஆலையிலேயே பதப்படுத்திய துணியா என்று கேட்டறிதல் நன்று. பதப்படுத்தாத துணியானால் முதலிற் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் காயவிட்டபின் அளவு பார்க்கவேண்டும். அது கணிசமாகச் சுருங்கும். புதுத்துணியின் நீலம் வெள்ளைச் சுவரிலும் இருக்கையிலும் ஒட்டும். முதற் சில வாரங்களுக்கு அதில் கவனம் வேண்டும். துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், சிறிதளவு சவர்க்காரத்தோடு அலசி, நிழலிற் காயவிடலாம். யப்பானியரைப்போல் மாதக்கணக்காய்த் துவைக்காதிருப்பது நம் மலைநாட்டுக்கு ஏற்றதன்று. மூடுபனியில் ஈரம் தங்கிய பருத்தியிற் பூஞ்சணம் பிடிக்கும். வியர்வை இழையை அரிக்கும். கிழிந்த இடத்தில் உட்புறமாக ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்ளலாம். ஒட்டுப்போட்ட துணியை அணிய வெட்கப்படுபவர், கடையிலே கிழித்து விற்கும் துணியைப் பணம் கொடுத்து வாங்க வெட்கப்படாதது விந்தையே.

பெரியோருக்கும் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே சென்றனர். முன்னோர் நடந்த வழியை நினைவிற் கொண்ட சமூகம், அவர்கள் போர்த்திய துணியையும் நினைவிற் கொள்ளுதல் முறையே. கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களைப் பேணி வைத்திருக்கின்றனர். கம்பளைப் பகுதியில், தொழிலாளர் வாழ்ந்த பழைய லயமொன்றிலேயே, அவர்தம் வாழ்க்கைப் பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் அமைந்துள்ளது. ஆனால் எல்லாக் கம்பளிகளும் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரமாட்டா. போகவேண்டியதும் இல்லை. தோட்டத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு மரப்பெட்டியை ஒதுக்கி, அதில் ஒரு கம்பளி, ஒரு படங்கு, ஒரு கூடைக்கயிறு ஆகியவற்றைப் பூச்சி அரிக்காவண்ணம் வேப்பிலையிட்டு வைக்கலாம். வைக்கும்போது ஒரு தாளில், இது இன்னார் போர்த்தியது, இன்ன மலையில் இத்தனை ஆண்டு வேலைசெய்தார், இத்தனை பிள்ளைகளை வளர்த்தார் என்று மாணவரைக்கொண்டே எழுதச் செய்யலாம். தோட்டத்தின் பழைய கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே கம்பளியின் விலை மட்டுமே எழுதப்பட்டிருந்தது. எழுதாது விட்டதை இன்று எழுதிச் சேர்ப்பதற்கு, அவரை நேரிற் கண்டவர் இன்னும் சிலரேனும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.